படகுத்துறையில் ஓர் அசனம்

சுகிர்தராணி மீன் தின்று எட்டு வருஷம் ஆகிறது. ‘அதனால் என்ன குடியா முழுகிப்போச்சு?’ என்று கேட்கிறவர்கள் குளச்சல் பக்கத்துக் கடற்கரையில் பிறக்காதவர்கள். அவள் பிறந்த வீட்டில் மீன் வாங்காத நாளில் சமைத்ததாகவே யாரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். அப்படிப்பட்டவள், கட்டினவருக்கும் பெற்ற மகளுக்கும் விளமீனும் நெய்மீனும் வாங்கி, தேங்காய் அரைத்து, மணக்க மணக்கக் குழம்பு வைத்துப் பரிமாறிவிட்டு, தன் தட்டில் மட்டும் மோரை ஊற்றிப் பிசைந்துகொண்டு இத்தனை காலத்தை ஓட்டியிருக்கிறாள். எல்லாம் ஒரு பொருத்தனைக்காக. ஆண்டவரிடம் வாய்விட்டுச் சொன்ன வாக்கு, விளையாட்டில்லை.

அவள் வளைகுடாவில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். புருஷன் தேவசுந்தரம் வெல்டர். கரையிலிருந்து படகில் கொஞ்ச நேரம் போனால் வருகிற அல் ஹௌத் என்ற சின்னத் தீவில்தான் அப்போது அவருக்கு வேலை. வெள்ளைக்காரனின் கடற்படை தன் போர்க்கப்பல்களைப் பழுதுபார்க்கக் கட்டிய யார்டு அது. அவன் மூட்டை கட்டிக்கொண்டு போனபிறகு சரக்குக் கப்பல்கள் வந்தன. கப்பலைப் பெரிய பள்ளத்துக்குள் இழுத்து, கதவைச் சாத்தி, தண்ணீரை இறைத்துவிட்டு அடிவயிற்றில் ஒட்டுப்போடும் வேலை. அந்தப் பள்ளத்துக்கு டாக் என்று பேர்.

கப்பலின் அடியில் இருட்டறை மாதிரி டேங்குகள் உண்டு. அதற்குள் இறங்குகிறவன் தன் நம்பர் அடித்த பித்தளை டோக்கனை மேலே பலகையில் மாட்டிவிட்டுத்தான் இறங்கவேண்டும். ஏறி வந்ததும் அவனே அதை எடுத்துக்கொள்ளவேண்டும், மற்றவன் தொடக்கூடாது. டோக்கன் தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். இதைச் சொல்லித்தராத யார்டும் இல்லை, மறந்துபோகாத ஆளும் இல்லை. வேலை முடிந்து படகைப் பிடிக்க ஓடுகிற அவசரத்தில் டோக்கனை அப்படியே விட்டுவிட்டுப் போகிறவர்கள் தினமும் இருந்தார்கள்.

அன்றைக்கும் ஷிப்ட் முடிந்தது. டேங்கின் வாசலை மூடி முறுக்குவதற்கு ஃபோர்மேன் வந்து நின்றார். பலகையில் ஒரே ஒரு டோக்கன். “எவனோ மறந்துட்டுப் போயிருக்கான். கலாஸ், வேலை முடிஞ்சுது, மூடு” என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் ஆமாம் போட்டார்கள். வாசலில் காவல் உட்கார்ந்திருந்த ஒருத்தன் மட்டும், “டோக்கன் தொங்குது. ஆள் உள்ள” என்றான். கத்தினார்கள், வேலையை விட்டே அனுப்பிவிடுவோம் என்றார்கள். அந்த மனுஷன் வாதம் செய்யவில்லை. போய் அந்த வாசலின் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான். வேறு வழியில்லாமல் இரண்டுபேர் இறங்கிப் பார்த்தார்கள். புகையில் மயங்கி மூலையில் சுருண்டு கிடந்தார் தேவசுந்தரம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுதான் சுகிர்தராணி அந்தப் பொருத்தனையைச் செய்தாள். “ஆண்டவரே, இவரு எழும்பி நடந்தா, அந்த யார்டுக்குப் போயி, அங்க வேல செய்யுற கையளுக்கெல்லாம் எனக்க கையால மீன்கொழம்பும் சோறும் போடுவேன். அதுவரைக்கும் மீன் எனக்க வாயில படாது.”

அவர் எழும்பினார். யார்டு படுத்துவிட்டது! இவர் தேறி வருவதற்குள் கம்பெனியை இழுத்து மூடி, ஆட்களை நாலு திசைக்கும் அனுப்பிவிட்டார்கள். டேங்க் வாசலில் உட்கார்ந்தவனைத் தேடாத இடமில்லை. பார்த்தவனை எல்லாம் ‘பாய், பாய்’ என்றே கூப்பிட்டுப் பழகிய இடத்தில் ஒருத்தனுடைய பேர் எங்கே தங்கும்? வேறு நாட்டுக்கு வேலை மாறிப் போய்விட்டான் என்பதோடு சரி. சுகிர்தராணி தினமும் ஜெபத்தில், “அந்த மனுஷன ஆசீர்வதியும்” என்பாள். “எந்த மனுஷன்னு உமக்கே தெரியும்” என்று கொஞ்சம் சூடாகவே முடிப்பாள். பேர் தெரியாதவனுக்காக ஜெபிப்பது அவளுக்கு விலாசம் எழுதாமல் தபால் போடுகிற மாதிரி இருந்தது.

இப்படி இருக்கையில்தான் மகள் ரினி ஒருநாள் போனை நீட்டினாள். இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே பேங்கில் வேலைக்குச் சேர்ந்த பெண் அவள்.

“மம்மி, லுக். அப்பாவோட யார்டு. டூரிஸ்ட் ஐலண்ட் ஆக்கிட்டாங்க. கஃபே, மியூசியம், ஹோட்டல் எல்லாம் இருக்கு.”

சுகிர்தராணி அந்தப் படங்களை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். அடுத்த வாரம் அவளும் தேவசுந்தரமும் விசாவை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊருக்குப் போகிறார்கள். வீட்டில் பாதிச் சாமான் பெட்டிக்குள் போயாகிவிட்டது. இந்த வாரம் நிறைவேற்றாவிட்டால் பொருத்தனை பொருத்தனையாகவே நிற்கும். ஆண்டவர் தன் பங்கைச் செய்து எட்டு வருஷம் ஆகிறது, இவள் பங்கு பாக்கி.

“சர்ச்சுல ஒரு அசனம் போட்டாப் போராதா, ராணி?” என்று தேவசுந்தரம் மெதுவாகக் கேட்டார். “எல்லாரையும் ஒண்ணா இருத்திச் சாப்பாடு போட்டா அதுவும் பொருத்தனதான்.”

“யார்டுன்னு ஆண்டவர்கிட்ட சொல்லிட்டு சர்ச்சுல போடவா? நீங்க என்ன சர்ச்சுக்குள்ளயா மயங்கி விழுந்திய?”

அவர் ஒரு காகிதத்தை எடுத்து, எத்தனை கிலோ மீன் வேண்டும் என்று கணக்குப் போட உட்கார்ந்தார்.

சனிக்கிழமை விடியும்போதே, அல் கூஸ் தொழிற்பேட்டையில் அவர் இப்போது வேலைசெய்கிற ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னாலிருந்த கேம்ப் கிச்சனில் அண்டாவை ஏற்றினாள். நெய்மீன், தேங்காய், முருங்கைக்காய், மாங்காய். அசனத்துக்கு வைக்கிற குழம்பை ஜெபம் பண்ணுவதற்கு முன்னால் யாரும் நாக்கில் வைக்கக்கூடாது என்பது அவள் சட்டம். வீட்டில் தினமும் உப்புப் பார்க்கிறவர் தேவசுந்தரம். அன்றைக்கு அவர் கரண்டிப் பக்கம் கையைக் கொண்டுபோனதும் சுள்ளென்று ஒரு தட்டுத் தட்டினாள். மூன்று பேருக்குச் சமைத்துப் பழகிய கை, கண்மதிப்பாக உப்பை அள்ளிப் போட்டது. சோற்றையும் குழம்பையும் சூடு தங்குகிற பெரிய டப்பாக்களில் நிரப்பிக்கொண்டு மூன்றுபேரும் படகு ஏறினார்கள். படகுக்காரன் மூக்கை உறிஞ்சிச் சிரித்தானே தவிர ஒன்றும் கேட்கவில்லை.

தீவில் இறங்கியதும் ஒரு கேட். அங்கே ஒரு காவலாளி நின்றான். ஒல்லி ஆள், முப்பது வயதுக்குள் இருக்கும். சட்டையை நன்றாகத் தேய்த்துப் போட்டிருந்தான்.

“மேடம், வெளிச் சாப்பாடு உள்ளே கொண்டுபோகக்கூடாது” என்றான் ஹிந்தியில்.

“இது விக்கதுக்கில்ல, பாய். உள்ள வேல செய்யுறவங்களுக்குக் குடுக்கதுக்கு” என்று தனக்குத் தெரிந்த உடைந்த ஹிந்தியில் சொன்னாள் சுகிர்தராணி.

“குடுக்கிறதுன்னாலும் கூடாது, மேடம்.”

“நான் பொருத்தன பண்ணியிருக்கேன். மன்னத், மன்னத்! புரியுதா?”

“புரியுது, மேடம். ரூல் இருக்கு.”

சும்மா சொல்லக்கூடாது, அன்றைக்கு அவள் ஒரு ஆட்டம் ஆடினாள். அவனுக்குப் புரிந்த ஹிந்தியிலும் புரியாத குளச்சல் தமிழிலும் மாறிமாறி விளாசினாள். எட்டு வருஷத்தைச் சொன்னாள், வாயைக் கட்டியதைச் சொன்னாள், ஒருத்தருக்குச் சோறு போட வந்தால் இப்படியா என்று கேட்டாள். பின்னால் வரிசையில் நின்ற சுற்றுலாக்காரர்கள் போனை எடுத்துவிட்டார்கள். ரினிக்குத் தரையைப் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. “மம்மி, ப்ளீஸ், சீன் வேண்டாம்” என்று சேலையைப் பிடித்து இழுத்தாள். காவலாளி திருப்பி ஒரு வார்த்தை உயர்த்திப் பேசவில்லை, ஒதுங்கவுமில்லை. கேட்டின் நடுவில் அப்படியே நின்றான்.

“என்ன பாறாங்கல்லுடா இவன்!” என்றாள் சுகிர்தராணி. கோபம் வடிந்து அழுகை வந்துவிட்டது. இவ்வளவு தூரம் வந்தும் நிறைவேறாமல் போகப்போகிறதே என்ற பயம்தான் அது. சோற்று டப்பாவின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவள் அழுவதைக் கண்ட காவலாளி வாக்கிடாக்கியில் யாரையோ கூப்பிட்டான். தலையில் முக்காடு போட்ட ஒரு பெண் உள்ளேயிருந்து வந்தாள். தீவின் டியூட்டி மேனேஜர், பேர் மெஹர்பானு. நல்லவேளை, கீழக்கரைக்காரி.

“அழாதீங்கம்மா, என்ன விஷயம்?” என்று குனிந்து கேட்டாள். தேவசுந்தரம் சொன்னார். டேங்க், டோக்கன், பொருத்தனை எல்லாவற்றையும் மெஹர்பானு பக்கத்தில் குந்தியிருந்து கேட்டாள். “ஆனா கேட்டுக்குள்ள வெளிச் சாப்பாடு விட்டா எனக்கே வேலை போயிரும்மா. எப்படிப் பண்ண?” என்று கையைப் பிசைந்தாள்.

அப்போது காவலாளி தொண்டையைக் கனைத்தான். “மேடம், ரூல் கேட்டுக்கு உள்ளேதான். இங்கே, இந்தப் படகுத்துறையில் சாப்பிடக்கூடாதுன்னு எங்கேயும் இல்லை” என்றான்.

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். இதை முதலிலேயே சொல்லித்தொலைத்தால் என்ன என்று சுகிர்தராணிக்கு வாய்வரைக்கும் வந்தது. கேட்டிருந்தால் அல்லவா சொல்லியிருப்பான்? இவள்தான் அவனுக்குப் பேச இடமே கொடுக்கவில்லையே.

“யார்டுக்க உள்ள இல்லியே” என்று அவள் தயங்கினாள்.

தேவசுந்தரம் காலால் தரைக் கல்லைத் தட்டினார். “ஏட்டி, இதும் யார்டுதான். அப்ப கேட்டு இங்க கெடையாது. என்னத் தூக்கிட்டு வந்து, படகு வரியது வரைக்கும் இந்தக் கல்லுமேலதான் கெடத்தியிருந்தாங்க.”

சுகிர்தராணி அந்தக் கல்லைப் பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து சேலையைச் சொருகினாள்.

மெஹர்பானு சாப்பாட்டு நேரத்தில் ஆட்களைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே அனுப்பினாள். கூட்டிப் பெருக்குகிற நேபாளிகள், கஃபேயில் பரிமாறுகிற பிலிப்பைன்ஸ் பெண்கள், தோட்டத்துக்காரர்கள், மலையாளிச் சமையல்காரர், ஹோட்டல் நீச்சல்குளத்தைக் காவல் காக்கிற ஓர் ஆப்பிரிக்கப் பையன். சுகிர்தராணி கூரை நிழலில் விரிப்பு விரித்து எல்லாரையும் ஒரே வரிசையில் உட்காரவைத்தாள். நின்றபடி கண்ணை மூடிச் சின்னதாக ஒரு ஜெபம் சொன்னாள். தன் கையால் ஒவ்வொரு தட்டிலும் சோறு போட்டு, மீன் துண்டு பார்த்து எடுத்து வைத்து, குழம்பு ஊற்றினாள்.

“எப்படி இருக்கு?” என்று கேட்டுக்கொண்டே போனாள்.

“சூப்பர், ஆண்ட்டி!”

“பஹுத் அச்சா!”

“கலக்கிட்டீங்க, சேச்சி” என்றார் மலையாளி, தமிழில்.

அவளுக்கு வயிறு நிறைந்துவிட்டது. ரினியும் தேவசுந்தரமும் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவர்கள் முகத்தை அவள் கவனிக்கவில்லை.

எல்லாரும் எழுந்துபோன பிறகு பார்த்தால் காவலாளி மட்டும் கேட்டில் நின்றுகொண்டிருந்தான். “பாய், நீயும் வா” என்று கூப்பிட்டாள். திட்டியதை நினைத்துக் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“மாற்று ஆள் வரணும், மேடம். வராமல் கேட்டை விட்டு வரக்கூடாது.”

“அதுக்கும் ரூலா?”

“ஆமாம், மேடம்” என்று முதல்முறையாகச் சிரித்தான். “நீங்கள் போய்த் தீவைப் பார்த்துவிட்டு வாருங்கள். சாப்பாடு என் கண்பார்வையில்தான் இருக்கிறது.”

வேலை செய்கிற கைகளுக்கெல்லாம் என்றுதானே பொருத்தனை? ஒரு கை பாக்கியிருக்கும்போது அது எப்படி நிறைவேறும்? அவன் வரும்வரை தானும் சாப்பிடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டு, புருஷன் மகளோடு உள்ளே போனாள்.

டாக்கில் இப்போது தண்ணீர் நிரப்பியிருந்தார்கள். பிள்ளைகள் கால்மிதிப் படகில் கூச்சல் போட்டுக்கொண்டு சுற்றினார்கள். ஒருகாலத்தில் பீரங்கிக் கப்பல் நின்ற இடம். சுற்றிலும் குடைபிடித்த மேஜைகளில் ஜனங்கள் ஐஸ்கிரீம் தின்றார்கள். பழைய கிரேனுக்குப் பெயிண்ட் அடித்து விளக்குமாலை போட்டிருந்தார்கள். வெள்ளைக்கார அதிகாரிகள் இருந்த வீடுகள் ஹோட்டல் அறைகள் ஆகிவிட்டன. எட்டு வருஷமாக இந்தப் பள்ளத்தைக் கனவில்கூட அவள் வைதிருக்கிறாள். இன்றைக்குக் கைப்பிடியில் சாய்ந்து நின்று, பக்கத்தில் புருஷன் மூச்சு விடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பார்த்தபோது அதன்மேல் கோபமே வரவில்லை. ஆளைத் திருப்பிக் கொடுத்த இடம்தானே என்று தோன்றியது.

பழைய பம்ப் ஹவுஸை மியூசியமாக்கியிருந்தார்கள். உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் பலகை. அழகுக்காக எல்லாக் கொக்கியிலும் பித்தளை டோக்கன்களைத் துடைத்து மாட்டியிருந்தார்கள்.

“பாத்தியா, ஒருத்தனும் இன்னும் வெளிய வரல்ல” என்று தேவசுந்தரம் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “ராணி, அது எனக்க நம்பர்.”

அன்றைக்கு அவரைத் தூக்கித்தான் கொண்டுபோனார்கள், அவர் டோக்கனை எடுக்கவே இல்லை. அது இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

“அப்பா, நான் அந்த மேனேஜர் ஆண்ட்டிகிட்ட கேக்கட்டா? எடுத்துத் தருவாங்க” என்றாள் ரினி. அவள் கண் கலங்கியிருந்தது.

“வேண்டாம், மக்களே. அது தொங்கட்டும். அது தொங்கினதுனாலதான் நான் இஞ்ச நிக்கேன்.”

அவர்கள் திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. மாற்று ஆள் வந்து கேட்டில் நின்றுவிட்டான். காவலாளி கைகழுவிவிட்டு, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு விரிப்பில் உட்கார்ந்தான். சுகிர்தராணி நல்ல நடுத்துண்டாகத் தேடி எடுத்து வைத்தாள். அவன் முள்ளை விரலால் பிரித்துப் போட்டுவிட்டு நிதானமாகச் சாப்பிட்டான். மெஹர்பானுவும் வந்து பக்கத்தில் நின்றாள்.

“எப்படி இருக்கு, பாய்?”

அவன் யோசித்தான். இன்னொரு வாய் வைத்துப் பார்த்தான்.

“மீன் நல்ல மீன், மேடம். உப்பு இல்லை.”

சுகிர்தராணி திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவர் கடலைப் பார்த்தார். மகளைப் பார்த்தாள். அவள் செருப்பைப் பார்த்தாள்.

“உங்களுக்குத் தெரியுமா?”

“எட்டு வருஷம் காத்திருந்து போட்ட சோறு. எப்படிட்டி சொல்லுவேன்?” என்றார் தேவசுந்தரம்.

“எல்லாருக்கும் தெரியும், மம்மி” என்று ரினி முணுமுணுத்தாள். “நீ ரொம்ப ஹாப்பியா இருந்த.”

சுகிர்தராணி ஒரு துண்டு மீனை எடுத்துத் தன் வாயில் வைத்தாள். எட்டு வருஷத்துக்குப் பிறகு நாக்கில் படுகிற மீன். சத்தியமாக உப்பில்லை. மூன்று பேருக்குப் போடுகிற உப்பு அந்த அண்டாவில் எங்கே தெரியும்? அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்க முடியாத சிரிப்பு. சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தி அந்த மனுஷனை உற்றுப் பார்த்தாள். அத்தனைபேரும் சூப்பர் சூப்பர் என்கிறார்கள். இவன் ஒருத்தன் உப்பு இல்லை என்கிறான். அத்தனைபேரும் கலாஸ், மூடு என்றார்கள். ஒருத்தன் ஆள் உள்ளே என்றான். காலையில் தான் எந்த வாயால் யாரைத் திட்டினோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“பாய், நீ முன்ன இந்த யார்டுல வேல பாத்தியா?” என்று தேவசுந்தரம் கேட்டார். அவருக்கும் அதேதான் ஓடியிருக்கிறது.

“இல்லை, சார். நான் இந்த நாட்டுக்கு வந்தே ரெண்டு வருஷம்தான்.”

“அவன் இல்லன்னா என்ன?” என்றாள் சுகிர்தராணி. “அவனுக்க சாதி ஆளுதான் இவனும். வாசல விட்டு எழும்பாத சாதி.”

மெஹர்பானு உள்ளே ஓடி, கஃபேயிலிருந்து ஒரு கை நிறைய உப்புப் பொட்டலங்களைக் கொண்டுவந்தாள். கேட்டில் நின்ற மாற்று ஆள் குழம்பிப்போய் இவனைப் பார்த்தான்.

“உள்ளே வரத்தான் தடை. வெளியே போகலாம்” என்றான் இவன், வாயில் சோற்றோடு.

சுகிர்தராணி பொட்டலங்களைப் பிரித்துக் குழம்பில் தட்டிக் கலக்கி, அவன் தட்டில் மறுபடி ஊற்றினாள். அவன் ஒரு வாய் வைத்தான். எல்லாரும் அவன் முகத்தையே பார்த்தார்கள்.

“இப்ப சரி, மேடம். ரொம்ப நல்லா இருக்கு.”

அவன் சொன்னால் சரிதான். அவள் தனக்கும் ஒரு தட்டில் போட்டுக்கொண்டு அவனுக்கு எதிரிலேயே உட்கார்ந்தாள். தலை, வால், நடுத்துண்டு என்று ஒன்றையும் விடாமல் தின்றாள். விரலை நக்கினாள். மகள் முன்னால், ஊர் முன்னால் என்ற கூச்சமெல்லாம் போய்விட்டது. “ஆண்டவரே, ஸ்தோத்திரம்” என்று நடுநடுவே சொல்லிக்கொண்டாள்.

படகு வந்துவிட்டது. ரினி காலி டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனாள். சுகிர்தராணி நாலு எட்டு நடந்தவள் திரும்பி வந்தாள். அவனுடைய சட்டைப் பையின்மேல் பேர்ப்பட்டை இருந்தது. காலையிலிருந்து அது அங்கேதான் இருந்தது, அவள் வாசிக்கவில்லை.

“பாய்னு கூப்பிட்டுட்டே இருந்துட்டேன். உனக்க பேரு என்ன?”

“சாகிர், மேடம்.”

“எந்த ஊரு?”

“சிட்டகாங்.”

“அம்மா இருக்காங்களா?”

“இருக்காங்க, மேடம்.”

“சாகிர். சிட்டகாங்” என்று அவள் திரும்பச் சொன்னாள். படகில் ஏறி உட்கார்ந்து, தீவு சின்னதாகிக்கொண்டு போகும்போது புருஷன் கையைப் பிடித்து இன்னொரு தடவை சொன்னாள். “மறந்திரப்பிடாது, என்னா? சாகிர்.”

அன்றைய ஜெபத்தில் வழக்கம்போல, “அந்த மனுஷன ஆசீர்வதியும்” என்று தொடங்கினாள். கோபம் வரவில்லை. “கூட, சாகிரையும்” என்றாள்.